மஜெல்லாவிடம் சொன்ன பேச்சு

கால்வே பக்கத்துச் சிற்றூரான கில்கோரனில் ஒரு சேதி ஊர் முழுக்கப் பரவ வேண்டுமென்றால் தபால் நிலைய வரிசையில் நிற்கும்போது யார் காதிலாவது போட்டால் போதும். மனசுக்குள் வைத்திருக்கவும் முடியாது, வெளியே போகவும் கூடாது என்கிற மாதிரிச் சேதியென்றால் மஜெல்லா காஃப்னியின் பார்லருக்குப் போக வேண்டும். கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நேருக்கு நேர் பேசக் கூச்சப்படுகிறவர்கள்கூடக் கண்ணாடியில் தெரிகிற முகத்திடம் சொல்லிவிடுவார்கள். மஜெல்லா கத்தரிக்கோலை நிறுத்தாமல் கேட்டுக்கொள்வாள். அதோடு சரி. அந்தப் பேச்சு அவளைத் தாண்டிப் போனதில்லை.

பார்லர் பெரிய தெருவில் மருந்துக்கடைக்கும் சவப்பெட்டிக் கடைக்கும் நடுவில் இருந்தது. "அந்தப் பக்கம் மாத்திரை, இந்தப் பக்கம் பெட்டி. நடுவுல நான் இருக்கிறதாலதான் ஊர்ல பாதிப் பேர் பெட்டிக்குப் போகாம நிக்கிறாங்க" என்று மஜெல்லா சொல்வாள். வெள்ளிக்கிழமை காலையில் வயதான பெண்கள் ஞாயிறு பூசைக்குத் தலையைச் சரிசெய்துகொள்ள வருவார்கள். அதில் ஒருவரோடொருவர் பேசாத அக்கா தங்கைகள் இருப்பார்கள், வேலி விஷயத்தில் கோர்ட்டுக்குப் போன பக்கத்து வீட்டுக்காரிகள் இருப்பார்கள். யாரை எந்த நாற்காலியில் உட்கார வைப்பது, யார் மகனைப் பற்றி யாரிடம் கேட்கவே கூடாது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். யாருக்கு எந்தச் சாயம் எந்த அளவில் என்பதும் அப்படித்தான். அவளோடு ஆரம்பத்திலிருந்து வேலை செய்த பிரீஜ் டான்சிகூட அதையெல்லாம் அவளிடம்தான் கேட்டுக்கொள்வாள்.

ஐம்பது வயதில் மஜெல்லாவுக்கு மார்பில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை, பிறகு குளிர்காலம் முழுக்கக் கீமோ, அதன் பிறகு கதிர் வைத்தியம். ஊர் அவளைத் தாங்கியது. கோவிலில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். வாசலில் சூப்புப் பாத்திரமும் சோடாரொட்டியும் வந்துகொண்டே இருந்தன. கடையைப் பிரீஜ் தனியாளாக ஓட்டினாள். முடியெல்லாம் கொட்டிப்போய் வீட்டில் கிடந்தபோது, என்னைப் பார்த்தால் யாராவது என் கடைக்கு வருவார்களா என்று மஜெல்லா எல்லோரையும் சிரிக்க வைத்தாள். மறு வருடம் ஈஸ்டர் முடிந்து அவள் கடைக்குத் திரும்பினாள். முன்பு நேரான முடியாக இருந்தது இப்போது சுருட்டையாக வளர்ந்திருந்தது. வந்தவர்கள் எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். இந்தச் சுருட்டைக்கு நாங்கள் உன்னிடம் காசு கொடுக்கிறோம், உனக்குச் சும்மா வந்துவிட்டதே என்றார்கள். கடவுள் புண்ணியத்தில் எல்லாம் முடிந்தது, பழைய மஜெல்லா திரும்பி வந்துவிட்டாள் என்றார்கள்.

உடம்பு தேறியது உண்மைதான். தலைதான் திரும்பி வரவில்லை.

முதலில் வார்த்தைகள் போயின. கையில் சீப்பைப் பிடித்துக்கொண்டே அதன் பெயர் வராமல் நின்றாள். நாற்காலியில் இருப்பவள் பள்ளிக்கூடத்திலிருந்து தெரிந்தவள், பெயர் மட்டும் வராது. ரேடியோ ஓடி, டிரையர் ஓடி, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சலாகி, தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதே போய்விடும். சாயத்தைப் பூசிவிட்டு மறந்துவிடுவாள். நல்லவேளையாக அந்த நேரம் பார்த்துப் பிரீஜ் வந்து, நீ உட்கார்ந்து டீ குடி, நான் கழுவி விடுகிறேன் என்பாள். இன்றைக்கும் தப்பித்தோம் என்று மஜெல்லா நினைத்துக்கொள்வாள்.

தப்பிப்பதற்கு அவள் வழிகள் கண்டுபிடித்திருந்தாள். பெயர் வராததால் எல்லோரையும் கண்ணு என்று கூப்பிட்டாள். வந்தவள் முதலில் பேசட்டும் என்று காத்திருந்து, ஏதாவது ஒரு நூல் கிடைத்ததும் அதைப் பிடித்துக்கொண்டாள். வழக்கம்போலத்தானே என்று கேட்டு, வந்தவளே அளவைச் சொல்லும்படி செய்தாள். மாட்டிக்கொண்டால், வயசாகிவிட்டதில்லையா என்று சிரித்தாள். கணவன் ஃபின்டனிடம்கூடச் சொல்லவில்லை. அவன் பால் பண்ணைக்கு டாங்கர் லாரி ஓட்டுகிறவன், அவள் படுக்கையில் இருந்த மாதங்களில் மெலிந்து பாதியாகிப் போனவன். ஊர் முழுக்க மெழுகுவத்தி ஏற்றிப் பிழைக்க வைத்த பிறகு, இன்னும் ஒரு குறை இருக்கிறது என்று வாயைத் திறப்பது நன்றி கெட்ட காரியமாகப் பட்டது அவளுக்கு. அதைவிட, முட்டாளாகிப் போனேன் என்று எந்த வாயால் சொல்வது?

அக்டோபரில் ஒரு சாயங்காலம் ஈமர் முடி வெட்டிக்கொள்ள வந்தாள். நோரீன் ஹான்லியின் ஒரே மகள். மஜெல்லாதான் அவளுக்குச் சின்ன வயதில் முதல் நற்கருணை வாங்கிய நாளுக்கும் தலை அலங்காரம் செய்தவள், கல்யாணத்துக்கும் செய்தவள். நோரீனின் கணவர் இறந்த பிறகு, ஈமரும் அவள் புருஷன் கோனலும் அம்மா வீட்டுக்கு அடுத்த நிலத்திலேயே வீடு கட்டிக்கொண்டார்கள். அவர்களுடைய இரண்டு பெண் குழந்தைகள் வேலியில் இருந்த இடைவெளி வழியாகப் பாட்டி வீட்டுக்கும் தங்கள் வீட்டுக்கும் நாளெல்லாம் ஓடிக்கொண்டிருப்பார்கள். நோரீனுக்கு வாழ்க்கை என்றால் அந்த இடைவெளிதான்.

கடை அடைக்கிற நேரம். பிரீஜ் மட்டும் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கோனலுக்கு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்துவிட்டது, பிப்ரவரியில் குடும்பத்தோடு பெர்த்துக்குப் போகிறோம் என்று ஈமர் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். சொல்லும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. அம்மாவுக்கு இந்தக் கிறிஸ்மஸ் ஒன்றாவது நிம்மதியாகக் கழியட்டும், புது வருடம் பிறந்ததும் நானே உட்கார வைத்துச் சொல்கிறேன் என்றாள்.

"நீங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கன்னு தெரியும்" என்றாள்.

"என்கிட்ட சொல்லிட்டு அத வேற சொல்லணுமா கண்ணு?" என்றாள் மஜெல்லா. அப்போது அதை நெஞ்சாரத்தான் சொன்னாள்.

டிசம்பரில் கிறிஸ்மஸுக்கு முந்தைய வெள்ளிக்கிழமைகளில் கடை நிரம்பி வழியும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை நோரீன் மஜெல்லாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்கச் சாயம் பூசி, கற்றை கற்றையாக வெள்ளித்தாளில் மடித்து வைத்திருந்தது. பக்கத்தில் மூன்று பேர். டிரையருக்கு அடியில் ஒருத்தி. ரேடியோவில் யாரோ கிறிஸ்மஸ் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். நோரீன் பேத்திகளுக்குப் பின்னிய ஸ்வெட்டரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மஜெல்லாவுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு நூல் கிடைத்தது. பேத்திகள், ஸ்வெட்டர். எங்கோ போகிறார்கள் என்பது ஞாபகத்தில் இருந்தது. அது யார் சொன்னது, எப்போது சொன்னது, எப்படிச் சொன்னது என்பதெல்லாம் அழிந்துபோய், சேதி மட்டும் மிதந்து மேலே வந்தது. ஞாபகம் வந்ததே என்று அவளுக்குச் சந்தோஷம்கூட.

"பெர்த்ல பிப்ரவரி மாசம் வெயில் கொளுத்துமாமே நோரீன். ஸ்வெட்டர் எதுக்கு, பிள்ளைங்களுக்குத் தொப்பி பின்னிக் குடுத்து அனுப்பு" என்றாள்.

நோரீன் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலிக்காரி கையிலிருந்த பத்திரிகையைத் தாழ்த்தினாள்.

"பின்னணும்" என்றாள் நோரீன். "இன்னும் நேரம் இருக்கே."

பிரீஜ் போய் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள். மஜெல்லாவுக்கு எதுவும் உறைக்கவில்லை. தன் மச்சினன் பையனும் அங்கேதான் இருக்கிறான், அங்கே போய்விட்டால் திரும்பி வரவே மனசு வராதாம் என்று பேசிக்கொண்டே போனாள். தொட்டிக்குக் கூட்டிப்போய்த் தலையைக் கழுவும்போது பாட்டோடு சேர்ந்து முனகினாள். நோரீன் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். முடி முழுக்கக் காயும் முன்பே, போதும், அடுப்பில் வேலை இருக்கிறது என்று எழுந்துபோய்விட்டாள்.

எல்லோரும் போன பிறகு, பின்கட்டில் துவாலைகளை மடித்துக்கொண்டிருந்தபோது பிரீஜ் சொன்னாள்.

"அவளுக்குத் தெரியாது மஜெல்லா. கிறிஸ்மஸ் முடியட்டும்னு ஈமர் சொன்னா இல்ல."

மஜெல்லா கையில் துவாலையோடு நின்றாள். ஈமர் அழுதது, யாரிடமும் சொல்ல மாட்டீர்கள் என்றது, தான் சொன்ன பதில், எல்லாம் இப்போது ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வர வேண்டிய நேரத்தில் வராமல், காரியம் கெட்ட பிறகு வரிசை கட்டிக்கொண்டு வந்தன. காதுமடல் வரை சூடேறியது. நான் என்ன சொன்னேன், சரியாக என்ன வார்த்தை சொன்னேன் என்று பிரீஜைக் கேட்டாள். சொன்னதில் பாதி அவளுக்கே நினைவில்லை. பிரீஜ் சொல்லச் சொல்ல, தொப்பி என்ற வார்த்தை வந்ததும், போதும் என்று கையைக் காட்டினாள்.

மறுநாள் காலை ஈமர் வந்தாள். கடையில் இரண்டு பேர் இருந்தார்கள். பிரீஜ் பால் வாங்கப் போயிருந்தாள். ஈமர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அம்மா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்றாள். எங்கே கேள்விப்பட்டாய் என்று கேட்டால், தலையில் வெள்ளித்தாளோடு பாதி ஊர் பார்க்க உட்கார்ந்து கேட்டேன் என்கிறாள், யார் சொன்னது என்று சொல்ல மாட்டேன் என்கிறாள் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்களா மஜெல்லா?"

அந்தக் கேள்வியில் கோபத்தைவிட நம்பிக்கை அதிகமாக இருந்தது. இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது. மஜெல்லாவின் தலை அன்று தெளிவாக இருந்தது. மாதக்கணக்காக இல்லாத தெளிவு.

"நான் இல்ல கண்ணு" என்றாள். "பிரீஜ் ஏதோ வாய் தவறி விட்டுட்டா. நீ சொல்லும்போது அவளும் இங்கதான இருந்தா."

சொல்லி முடிப்பதற்குள் வாசற்கதவின் மணி அடித்தது. பிரீஜ் கையில் பால் புட்டியோடு உள்ளே நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று கேட்கத் தேவையில்லாதபடி முகம் இருந்தது. அவள் மஜெல்லாவைப் பார்த்தாள். பிறகு ஈமரைப் பார்த்தாள்.

"ஆமா ஈமர். என் வாய்தான். மன்னிச்சிரு" என்றாள்.

ஈமர் சொல்லக் கூடாததெல்லாம் சொன்னாள். புருஷனும் பிள்ளையும் இல்லாத உனக்கு இது என்னவென்று தெரியப்போகிறது என்பது வரைக்கும் சொன்னாள். பிரீஜ் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். மஜெல்லா சீப்பைக் கழுவுவது போலத் திரும்பி நின்றுகொண்டாள். கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது.

அதன் பிறகு வந்த நாட்களில் பிரீஜ் தன் வேலையைச் செய்தாள். துவாலை எங்கே, அடுத்தது யார் என்பதற்கு மேல் பேச்சில்லை. மஜெல்லா ஒவ்வொரு காலையும், இன்று சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டு கடையைத் திறப்பாள், சாயங்காலம் சொல்லாமலே அடைப்பாள். வேறு எது மறந்தாலும் இது மறக்கவில்லை. கடைச்சாவியை எங்கே வைத்தோம் என்று அரை மணி நேரம் தேடுவாள். தேடிக்கொண்டிருக்கும்போதே, பால் புட்டியைப் பிடித்திருந்த பிரீஜின் விரல்கள் கண்முன் வந்து நிற்கும்.

சேதி ஊரில் பரவியது. பிரீஜிடம் வழக்கமாகத் தலை கொடுக்கிற ஒருத்தி வந்து, மஜெல்லாவின் காதருகே குனிந்து, இனிமேல் உன் கையாலேயே வெட்டிவிடு, அவளிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லையே, நீ எப்படித்தான் அவளை வைத்துக்கொண்டிருக்கிறாயோ என்றாள். மஜெல்லா அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். சரி, உட்காருங்கள் என்றாள். துணியைக் கட்டிவிட்டாள். முடியை வெட்டினாள். வாரிச் சுருட்டிவிட்டு, அந்தப் பெண் போனதும் பின்கட்டுக்குப் போய் வாந்தியெடுத்தாள்.

வெளியே வந்தபோது பிரீஜ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மஜெல்லா சுவரில் சாய்ந்துகொண்டு, நீ ஏன் அன்றைக்கு ஒத்துக்கொண்டாய் என்று கேட்டாள்.

"நீ பாத்த பார்வ அப்படி" என்றாள் பிரீஜ். "பள்ளிக்கூடத்துல பாவாடைய நனைச்சுட்டு நிக்கிற புள்ள மாதிரி பாத்த. சரி, மூடி விடுவோம்னு தோணிச்சு."

பிறகு, மூடிவிடுவது எனக்குப் பழகிப்போச்சு என்றாள். ஈஸ்டரிலிருந்து அவள் என்னென்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. மஜெல்லா சாயம் பூசும் ஒவ்வொரு முறையும் பிரீஜ் தன் கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொள்வாள். கலக்கி வைத்த சாயம் தப்பாக இருந்தால் ஊற்றிவிட்டு வேறு கலக்குவாள். ஒரே நேரத்துக்கு இரண்டு பேரை வரச் சொல்லியிருந்தால் ஒருத்தியைக் கூப்பிட்டு மாற்றுவாள். வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரியும், பாவம், ஒன்றும் கேட்காதே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள் என்றாள். மஜெல்லா மறைத்துக்கொண்டிருந்ததாக நினைத்த அத்தனை மாதமும், ஊர் அவளிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்தது. தலையை நிமிர்த்த முடியாமல் அவள் தரையைப் பார்த்தாள்.

"இத்தனையும் செய்வேன். இன்னும் செய்வேன்" என்றாள் பிரீஜ். "ஆனா அன்னிக்குச் செஞ்ச மாதிரி இன்னொரு தடவ என்னால ஆகாது. தல சரியில்லாம நீ நோரீன்கிட்ட சொன்ன. ஈமர்கிட்ட சொன்னப்ப உன் தல நல்லாத்தான் இருந்துச்சு."

அந்த வாரமே கால்வே ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பரிசோதனை இருந்தது. ஒவ்வொரு முறையும் நர்ஸ் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பாள், இவள் ரொம்ப நன்றாக என்பாள், ஃபின்டன் தலையாட்டுவான். இந்த முறை நர்ஸ் கேட்டதும் மஜெல்லா, என் மூளை வேலை செய்யவில்லை என்றாள். சீப்பில் ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். பொய் சொன்னதை மட்டும் சொல்லவில்லை, அதற்கு நர்ஸிடம் மருந்து கிடையாது. பக்கத்தில் ஃபின்டன் தொப்பியை மடியில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான்.

நர்ஸ் ஆச்சரியப்படவில்லை. கீமோ எடுத்துக்கொண்டவர்களில் நிறையப் பேருக்கு இப்படி ஆகிறது, நாங்கள் முன்கூட்டியே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றாள். பலருக்கு மெல்ல மெல்லத் தெளியும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும், உங்களுக்கு எப்படி என்று இப்போது சொல்ல முடியாது என்றாள். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள், ரேடியோவை அணைத்து வையுங்கள், களைப்பான நேரத்தில் முக்கியமான எதையும் கையில் எடுக்காதீர்கள், நடங்கள், தூங்குங்கள் என்றாள். எல்லாவற்றையும்விட, கூட இருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள், மறைப்பதற்கே பாதி மூளை செலவாகிவிடுகிறது என்றாள்.

திரும்பும்போது ஃபின்டன் காரை ஓட்டினான். மழை கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றான் பாதி வழியில்.

"பொழச்சதே பெருசுன்னு எல்லாரும் சொல்றாங்க. அதுல போய் இதச் சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு."

"கார் சாவிய ஃபிரிட்ஜுல வெச்சத நான்தான் எடுத்தேன்" என்றான் ஃபின்டன். "அது உனக்கு வெக்கமா இருக்கும்னு நானும் சொல்லல."

மறுநாள் மதியம் மஜெல்லா நோரீன் வீட்டுக்குப் போனாள். நோரீன் கதவைத் திறந்து, உள்ளே வா என்றாள். உட்காரச் சொல்லவில்லை. சமையலறையில் ஈமர் இருந்தாள். மேசையில் குழந்தைகள் கத்தரித்துப் போட்ட கலர் காகிதங்கள் கிடந்தன. குழந்தைகளின் சத்தம் கொல்லையில் கேட்டது. மஜெல்லா வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். கதவைத் தாண்டியதும் எல்லாம் போய்விட்டன. அடுக்கியதில் எதுவும் இல்லாமல் நேராகச் சொன்னாள்.

"நோரீன்கிட்ட சொன்னது நான். பிரீஜ் இல்ல. அவ ஒரு வார்த்த சொல்லல. நான் அவ மேல பழி போட்டேன்."

ஈமர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். நோரீன் அடுப்பின் கம்பியில் தொங்கிய துணியைச் சரிசெய்தாள்.

"உனக்குத் தெரியுமா அம்மா? பிரீஜ்தான்னு நான் வந்து சொன்னப்ப நீ சும்மா இருந்தியே."

தெரியும் என்றாள் நோரீன். யார் வாயிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா, என் தலை அவள் கையில்தானே இருந்தது என்றாள். பிறகு மஜெல்லாவிடம் சொன்னாள்.

"நீ என்ன செஞ்சேன்னு உனக்கே தெரியலன்னு எனக்கு அப்பவே புரிஞ்சுது. தலையக் கழுவிக்கிட்டே பாட்டு முனகிக்கிட்டிருந்த. அதப் பாத்தப்புறம் உன் பேரச் சொல்ல வாய் வரல. பாவமா இருந்துச்சு."

மஜெல்லா அங்கே திட்டு வாங்கத் தயாராகப் போயிருந்தாள். பாவம் என்ற சொல்லுக்கு அவள் தயாராக இல்லை. அது நோரீன் மனதில் நல்ல சொல்லாகத்தான் இருந்திருக்கும். இவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

கீமோவால் இப்படி ஆகியிருக்கிறது, ஆஸ்பத்திரியில் சொன்னார்கள் என்று ஆரம்பித்தாள். ஈமர் குறுக்கிட்டாள். குரல் உயரவில்லை.

"அம்மாகிட்ட சொன்னீங்கள்ல, அது வியாதி. அத நான் விட்டுர்றேன். நான் பிரீஜ நிக்க வெச்சு அப்படிப் பேசினேன். நீங்க கண்ணாடில பாத்துக்கிட்டே நின்னீங்க. நானும் உங்களக் கண்ணாடில பாத்தேன்."

ஆமாம் என்றாள் மஜெல்லா. டீ வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஊரில் வீட்டுக்குள் வந்தவளிடம் அதைக் கேட்காமல் விடுவது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஈமர் அன்றைக்கே பிரீஜ் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுததாகப் பிறகு ஊரில் சொன்னார்கள். பிரீஜ் அதைப் பற்றி மஜெல்லாவிடம் எதுவும் சொல்லவில்லை. பிப்ரவரியில் குடும்பம் புறப்பட்டுப் போனது. போவதற்கு முன் குழந்தைகளை முடி வெட்ட ஈமர் பக்கத்து ஊர்க் கடைக்குக் கூட்டிப்போனாள்.

மஜெல்லா நர்ஸ் சொன்னபடி செய்தாள். கடையில் ரேடியோ நின்றது. ஒரு நேரத்தில் ஒருத்திக்கு மட்டும், அதுவும் காலையில் மட்டும், வெட்டுவதோடு சரி. சாயம் முழுக்கப் பிரீஜின் கையில். புது வருடத்தில் இருவரும் வக்கீலிடம் போய்க் கடையைப் பாதிப் பாதியாக எழுதிக்கொண்டார்கள். பிழையைச் சரிசெய்ய இதைச் செய்கிறாயா என்று பிரீஜ் கேட்டாள். அதுவும்தான் என்றாள் மஜெல்லா. அதுக்காக மட்டும்னா எனக்கு வேண்டாம் என்று பிரீஜ் சொல்லி, இரண்டு நாள் கழித்துத்தான் கையெழுத்துப் போட்டாள்.

நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொருத்தியிடமும் மஜெல்லா முதலிலேயே சொல்லிவிட்டாள். என் தலை பழைய தலை இல்லை, வெளியே போகக் கூடாத பேச்சு எதுவும் என்னிடம் சொல்லாதீர்கள், நான் எங்கே கொட்டுவேன் என்று எனக்கே தெரியாது. முதல் சில தடவை சொல்லும்போது முகம் எரிந்தது. சிலர் தோளைத் தட்டினார்கள். சிலர் அவசரமாக வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். கால்வேக்குப் போகும் சாலையில் பண்ணை வைத்திருக்கிற டெல்லா, "அப்ப பிரச்சினையே இல்ல, என் புருஷனப் பத்தி நான் என்ன சொன்னாலும் வெள்ளிக்கிழமைக்குள்ள மறந்துருவ. இப்பத்தான் உன்கிட்ட வசதியா பேசலாம்" என்றாள். மஜெல்லா ரொம்ப நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். ஆனால் டெல்லாகூடப் புருஷனின் குறட்டையைத் தாண்டி ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியில் பார்த்து மெல்லிய குரலில் ஆரம்பிக்கிற பேச்சு அவள் நாற்காலியை விட்டுப் போய்விட்டது. அது தன்னுடைய சொத்து என்று இத்தனை வருடம் அவள் நினைத்ததில்லை. போன பிறகுதான் கை காலியாக இருந்தது.

கோடை வந்தபோது தலை கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. பெயர்கள் சில திரும்பி வந்தன. தெளிவான நாட்களில்தான் வெட்கம் அதிகமாகப் பிடுங்கியது.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை நோரீன் வந்தாள். இத்தனை நாளும் அவள் தலைக்குச் சாயம் இல்லாமல், வேர்கள் வெள்ளையாக ஒரு விரல் நீளத்துக்கு இறங்கியிருந்தன. கதவருகே நின்று இரண்டு நாற்காலிகளையும் பார்த்தாள். மஜெல்லாவுக்குத் தலையசைத்தாள். பிறகு போய்ப் பிரீஜின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பிரீஜ் சாயத்தைப் பூசத் தொடங்கினாள். மஜெல்லா தன் நாற்காலியைச் சுற்றிக் கூட்டிக்கொண்டிருந்தாள். பெர்த்தில் பேத்திகள் நீந்தக் கற்றுக்கொண்டதைப் பற்றி நோரீன் சொன்னாள். சின்னவளுக்குப் பல் விழுந்ததைச் சொன்னாள். பிறகு கண்ணாடியைப் பார்த்தபடி குரலைத் தாழ்த்தி, ஈமர் போன வாரம் போனில் ஒன்று சொன்னாள் பிரீஜ், இது இங்கேயே இருக்கட்டும் என்று தொடங்கியவள், மஜெல்லா அங்கே நிற்பதைக் கண்ணாடியில் பார்த்து நிறுத்தினாள்.

மஜெல்லா துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். யார் முகத்தையும் பார்க்காமல் பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவு மெல்லிய பலகைக் கதவு, உற்றுக் கேட்டால் கேட்கும். அவள் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, கழுவின கோப்பைகளையே எடுத்து மறுபடியும் கழுவினாள். பிரீஜ் வந்து, முடிந்துவிட்டது, வெளியே வரலாம் என்று சொல்லும் வரைக்கும் கழுவிக்கொண்டிருந்தாள்.